கூடம்தான் கோணல்

பிப்ரவரி 16

அக்கா,

நீங்க போனை எடுக்க மாட்டேங்கறீங்க. அடிச்சா கட் பண்றீங்க. மெசேஜ் போய்ச் சேரவே மாட்டேங்குது. அதனால காகிதத்துல எழுதி கூரியர்ல அனுப்பறேன். கவர்ல என் கையெழுத்தைப் பார்த்ததும் குப்பையில போட்டுடாதீங்க. திட்டணும்னா படிச்சுட்டுத் திட்டுங்க. இது உங்க தங்கச்சியைப் பத்தின கடிதம் இல்ல. நீங்க தலைமையாசிரியையா இருக்கற ஸ்கூலோட பரீட்சை ஹாலைப் பத்தினது.

அவ போனதுக்கப்புறம் நான் கேட்டு வாங்கிக்கிட்டு வந்த வேலை ஒரு ஆப்பிள் கிடங்குல. குளிர் மெஷினுங்களைப் பாத்துக்கறேன். போன வாரம் மூட்டை தூக்கற ஆளுங்க ரெண்டு பேர் தலையைப் பிடிச்சுக்கிட்டு தரையில உக்காந்துட்டாங்க. ஒருத்தன் வாந்தி எடுத்தான். சூப்பர்வைசர் சிரிச்சான். "ராத்திரி ஊத்திக்கிட்டது காலையில வெளிய வருது"ன்னான். வாந்தி எடுத்தவன், "நான் குடிக்கவே மாட்டேன் சார், தலையைச் சுத்தி இரும்புப் பட்டை போட்டு யாரோ முறுக்கற மாதிரி இருக்கு"ன்னான்.

அதைக் கேட்டதும் நான் கையில இருந்த ஸ்பானரைக் கீழ போட்டுட்டேன். அதே வார்த்தை அக்கா. உங்க தங்கச்சி சொன்ன அதே வார்த்தை. பரீட்சை டியூட்டி பாத்துட்டு வர்ற அன்னிக்கெல்லாம், செருப்பைக் கழட்டாமயே சோபாவுல விழுந்து, "இரும்புப் பட்டை போட்டு முறுக்குதுங்க"ன்னு சொல்லுவா. பாடம் மட்டும் நடத்தின நாள்ல சொன்னதே இல்ல.

கிடங்குல மீட்டர் எடுத்து வச்சுப் பார்த்தேன். காரணம் கார்பன் மோனாக்சைடு. மூடின இடத்துக்குள்ள கேஸ்ல ஓடற தூக்கு வண்டியை ஓட்டியிருக்காங்க. அந்தக் காத்துக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்துல பிராணவாயு உக்கார வேண்டிய இடத்துல அது போய் உக்காந்துக்கும். முதல்ல தலைவலி, அப்புறம் குமட்டல், தள்ளாட்டம். அதுக்கும் மேல போனா எழுந்திரிக்கவே முடியாது.

உங்க ஹாலுக்குப் பின்னாடி ஒரு கேஸ் ஜெனரேட்டர் இருக்கு. உங்க பொண்ணு சுண்டுகிட்ட போன்ல கேட்டேன். "சித்தப்பா, எங்க ஸ்கூல்ல பாடம்தான் தலைக்குள்ள ஏற மாட்டேங்குது, வலி முதல் பெல்லுக்கே ஏறிடுது"ன்னு சிரிச்சா. அவளுக்கு மட்டும் இல்லையாம், பாதிப் பேருக்கு வலிக்குதாம்.

முழுப் பரீட்சை அடுத்த மாசம். அந்த ஹால்ல பசங்களை உக்கார வைக்காதீங்க. இல்ல, ஜெனரேட்டரை நிறுத்துங்க. அவ போனதுலேர்ந்து எனக்கு சாப்பாட்டுல உப்பு இருக்கா இல்லையான்னுகூடத் தெரியல. இப்பதான் முதல் தடவையா ஏதோ ஒண்ணு உரைக்குது. அது கோபம். வேற ஒண்ணும் இல்ல.

உங்க தங்கச்சி வீட்டுக்காரன்

*

பிப்ரவரி 21

மாப்பிள்ளை அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. பள்ளிக்கு வரும் காகிதம் எதையும் படிக்காமல் கிழிக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது.

உங்கள் தொழில் ஆப்பிளைப் பாதுகாப்பது. என் தொழில் பிள்ளைகளைப் பாதுகாப்பது. இரண்டும் ஒன்றல்ல. பரீட்சை நேரத்தில் பிள்ளைகளுக்குத் தலை வலிக்கும், வயிற்றைப் பிசையும், கை நடுங்கும். அதற்குப் பெயர் பயம். அந்தப் பயத்தைப் போக்க இந்தப் பள்ளியில் நாங்கள் செய்வதுபோல் எங்கும் செய்வதில்லை. முதல் மணி அடித்ததும், தேர்வு தொடங்கும் முன்பே பிள்ளைகளை ஹாலில் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, நானே மைக்கில் மூச்சுப் பயிற்சி கொடுக்கிறேன். குளுக்கோஸ் தண்ணீர் வைக்கிறோம். மனம்விட்டுப் பேச ஓர் ஆசிரியையை நியமித்திருக்கிறோம். கல்வி அலுவலகத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, மற்ற பள்ளிகளும் இதைப் பின்பற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்துப் போனார்கள்.

அந்த ஜெனரேட்டரும் பிள்ளைகளின் நலனுக்காக வந்ததுதான். பழைய டீசல் மிஷின் புகை கக்கியது. பிள்ளைகள் இருமினார்கள். அலைந்து திரிந்து கேஸில் ஓடுவதை வாங்கினேன். புகையும் இல்லை, வாடையும் இல்லை. அதனால்தான், முன்பு வாசல் கேட் ஓரம் இருந்த ஜெனரேட்டரை இப்போது ஹாலை ஒட்டி வைக்க முடிந்தது. அதைப் போய்க் கொலைகாரன் என்கிறீர்கள்.

ஒன்று கேட்கிறேன். அதே ஹாலில் பெற்றோர் கூட்டம் நடக்கிறது, பேச்சுப் போட்டி நடக்கிறது. ஒருவருக்கும் தலை வலித்ததில்லை. பரீட்சையன்று மட்டும் வலிக்கிறதென்றால் அது ஹாலின் குற்றமா, படிக்காதவர்களின் குற்றமா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

என் தங்கையைப் பற்றிய கடிதம் இல்லை என்று ஆரம்பித்து அவளைத்தான் இழுத்திருக்கிறீர்கள். அவள் தலைவலிக்குக் காரணம் என்னவென்று எனக்குத் தெரியும். முந்தின இரவு உங்களோடு சண்டை. அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தாள். தூங்காத கண்ணோடு டியூட்டிக்கு வந்தாள், டியூட்டி முடிந்து அதே தூங்காத கண்ணோடு வண்டியை எடுத்துக்கொண்டு போய்த் தடுப்புச் சுவரில் மோதினாள். அவளை எடுத்த அன்று எல்லோர் முன்னாலும் நான் சொன்னதை இப்போதும் சொல்கிறேன். அவளைத் தூங்கவிடாதவர் நீங்கள்.

பரீட்சை முடியும்வரை என் மகளோடு பேசாதீர்கள். இருக்கிற பயம் போதும் அவளுக்கு.

தலைமையாசிரியை

*

பிப்ரவரி 25

அக்கா,

உங்க கேள்விக்கு பதில் உங்க கேள்வியிலேயே இருக்கு. பரீட்சையன்னிக்கு மட்டும் ஏன் வலிக்குது? பரீட்சையன்னிக்கு மட்டும்தான் அந்த ஜெனரேட்டரை முதல் பெல்லுலேர்ந்து ஓட விடறீங்க. பெற்றோர் கூட்டத்துக்கு ஓட விடறது இல்ல. பேச்சுப் போட்டிக்கும் இல்ல. கணக்குப் பரீட்சை நடுவுல கரண்ட் போய் பசங்க இருட்டுல அழுதாங்கன்னு நீங்க போட்ட சட்டம் அது. கரண்ட் இருந்தாலும் ஜெனரேட்டர்லதான் பரீட்சை. உங்க தங்கச்சி என்கிட்ட பெருமையா சொன்னா, "எங்கக்கா மாதிரி முன்யோசனை யாருக்கு வரும்"னு.

பகல்ல ஏன் இருட்டு? ஜன்னலுக்கெல்லாம் பலகை அடிச்சிருக்கீங்க. ஏன் அடிச்சீங்க? வெளியேருந்து பிட் வீசறாங்கன்னு. பிட்டு உள்ள வரக்கூடாதுன்னு காத்தையும் சேத்து நிறுத்திட்டீங்க. அப்புறம் புழுங்குதுன்னு எதிர்ச் சுவர்ல பெரிய ஃபேன் வச்சீங்க. அந்த ஃபேன் காத்தை வெளிய தள்ளுது. வெளிய தள்ளினா உள்ள எங்கேருந்தாவது காத்து வந்தாகணும். பலகைக்கு மேல இருக்கற ஓட்டை வழியா வருது. அந்த ஓட்டைக்கு நேர் கீழதான் ஜெனரேட்டரோட குழாய். இதை நான் படம் போட்டு அனுப்பியிருக்கேன், பின்பக்கம் பாருங்க. ஃபேன் எவ்வளவு வேகமா ஓடுதோ அவ்வளவு வேகமா விஷத்தை உள்ள இழுக்குது.

அந்தக் காத்துல பசங்களை உக்கார வச்சு, மைக்ல, "நல்லா ஆழமா இழுங்க... இன்னும் ஆழமா..."ன்னு சொல்றீங்களே அக்கா. அதைப் படிச்சுட்டு நான் எழுந்து கிடங்கு வாசல்ல போய் நின்னேன். உங்களை மாதிரி நல்லது பண்றவங்களைப் பார்த்தாதான் எனக்கு பயமா இருக்கு. கெட்டவனா இருந்தா ஒரு ஜன்னலையாவது திறந்து வச்சிருப்பான், சோம்பேறித்தனத்துல.

கூடம் கோணல்தான் அக்கா. ஆடத் தெரியாதவ சொன்னாலும் கோணல் கோணல்தான்.

சண்டையைப் பத்தி. நடந்துச்சு. எதுக்குன்னு நீங்க ஒருத்தரையும் கேக்கல. "நாளைக்கு ஹால் டியூட்டிக்குப் போகாத, டாக்டர்கிட்ட போலாம்"னேன். "நான் வரலன்னா அக்கா ஆளில்லாம திண்டாடும்"னு கத்தினா. நானும் கத்தினேன். அவ்வளவுதான். அவ இந்தக் காத்தாலதான் செத்தான்னு நான் சொல்லல. யாராலயும் இனிமே அதைச் சொல்ல முடியாது. ஆனா இந்த வருஷம் அங்க உக்காரப் போறவங்க உயிரோட இருக்காங்க.

கூட ஒரு மீட்டர் அனுப்பறேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெருசு. பட்டனை அமுக்கி ஹால்ல வைங்க. அது பொய் சொல்லாது. அதுக்கு மச்சான், மாமியார் யாரும் கிடையாது.

*

மார்ச் 2

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் பொட்டலத்தைப் பிரிக்காமல் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

செத்தவள் வாயில் வார்த்தையைத் திணிப்பது சுலபம். அவள் எழுந்துவந்து இல்லையென்று சொல்லப்போவதில்லை. எனக்காகத்தான் டியூட்டிக்கு வந்தாள், எனக்காகத்தான் போனாள், அப்படித்தானே? படம் போட்டு அம்புக்குறி வேறு. அம்பு எங்கே போய்க் குத்துகிறதென்று எனக்குத் தெரியாதா? "நான் சொல்லல" என்று எழுதிவிட்டால் சொல்லவில்லை என்று ஆகிவிடுமா?

அவளுக்கு நான் தலை பின்னிவிட்டிருக்கிறேன். எழுத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எங்கள் அம்மா போனபிறகு அவள் என் மடியில்தான் வளர்ந்தாள். நீங்கள் நேற்று வந்தவர்.

உங்கள் புண்ணியத்தில் நடந்ததையும் கேளுங்கள். பேச வேண்டாம் என்று சொன்ன பிறகும் பேசியிருக்கிறீர்கள். நேற்று மாதிரித் தேர்வில் சுண்டு பாதியில் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டாள். படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். அவளைப் பார்த்து இன்னும் நான்கு பேர் எழுந்தார்கள். ஹால் முழுக்கச் சலசலப்பு. தலைமையாசிரியை மகளே இப்படி எழுந்து போனால் மற்ற பிள்ளைகள் என்ன செய்வார்கள்? "என்னடி நடிப்பு இது?" என்று கேட்டேன். "நடிக்கலம்மா, சித்தி சொல்லுமே அந்தப் பட்டை, அது எனக்கும் போட்டாச்சு" என்கிறாள். யார் சொல்லிக் கொடுத்தது இந்த வசனம்?

கன்னத்தில் ஒன்று வைத்தேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை. அதுவும் உங்கள் கணக்கில்தான் சேரும்.

வருடம் முழுக்கப் படித்தது இந்த ஒரு பரீட்சைக்கு. அதைக் கெடுக்காமல் விலகி நில்லுங்கள். இனி கடிதம் வேண்டாம்.

*

மார்ச் 5

அக்கா,

நடிப்பா?

நான் சுண்டுகிட்ட பேசல. நீங்க சொன்ன நாள்லேர்ந்து ஒரு வார்த்தை பேசல. அவ போன் பண்ணா, நான் எடுக்கல. அந்தக் குழந்தை நான் சொல்லிக் குடுத்து வாந்தி எடுக்கல, நீங்க குடுத்த காத்துல எடுத்துச்சு. அதுக்கு நீங்க அறை விட்டீங்க. கிடங்கு சூப்பர்வைசர் பரவாயில்ல அக்கா. அவன் சிரிச்சதோட விட்டுட்டான், கை நீட்டல.

வெளிய படியில உக்காந்ததும் அவளுக்கு எப்படி இருந்துச்சுன்னு கேட்டீங்களா? கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிருப்பாளே. மத்த நாலு பேரும் வெளிக்காத்துல தெளிஞ்சிருப்பாங்களே. கேள்வித்தாள் மேசை மேல அப்படியேதான் இருந்துச்சு, மார்க்கும் போகத்தான் போகுது, அப்புறம் எப்படி பயம் மட்டும் படிக்கட்டுல இறங்கினதும் போச்சு?

உங்களுக்கு என் படம் வேண்டாம், என் மீட்டர் வேண்டாம், என் பேச்சு வேண்டாம். சரி. ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். எனக்கு பதில் எழுத வேண்டாம். உங்களுக்கு நீங்களே சொல்லிக்குங்க.

பரீட்சை பயம்தான்னா, உங்க தங்கச்சிக்கு எதுக்கு வலிச்சுது? அவ என்ன பரீட்சை எழுதினா? அவ கேள்வித்தாள் குடுக்கறவ. சண்டைன்னு சொல்லுவீங்க. நாங்க சண்டை போட்டது ஒரு ராத்திரி. அவளுக்குப் போன வருஷ முழுப் பரீட்சையிலேயும் வலிச்சுது, அரைப் பரீட்சையிலேயும் வலிச்சுது. டியூட்டி ரூம்ல உங்க பக்கத்துலதான் உக்காந்து தைலம் தேச்சுக்கிட்டா. உங்களுக்கே தெரியும்.

மீட்டரை மறுபடி அனுப்பறேன். திருப்பி அனுப்பினா இன்னொரு தடவை அனுப்புவேன். கூரியர்க்காரன் சலிச்சுக்கட்டும். பன்னிரண்டாம் தேதிக்குள்ள நீங்க எதுவும் செய்யலன்னா கல்வி அலுவலகத்துக்கும் எழுதுவேன், ஒவ்வொரு அப்பா அம்மாவுக்கும் எழுதுவேன். உங்க நாற்காலி ஆடும். ஆடட்டும்.

*

மார்ச் 9, ஞாயிறு

தம்பி,

பள்ளி மைதானத்தில், வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கை இன்னும் சரியா வரல. எழுத்து கோணினா பாத்துக்கங்க.

இன்னிக்கு லீவு. யாரும் இல்ல. வாட்ச்மேனை ஜெனரேட்டர் போடச் சொன்னேன். "எதுக்கும்மா, பரீட்சை இல்லையே"ன்னான். "எனக்கு இருக்கு"ன்னேன். ஹால் கதவுகிட்டயே நில்லு, அடிக்கடி கூப்பிடு, நான் பதில் சொல்லலன்னா உள்ள வான்னு சொல்லிட்டு, ஃபேனைப் போட்டுட்டு, விடைத்தாள் கட்டோட போய் கடைசி வரிசைக்குப் பின்னாடி உக்காந்தேன். உங்க மீட்டரைப் பையிலேயே வச்சிருந்தேன். அதை நம்பி வரல. என் தலையை நம்பி வந்தேன். எனக்கு எந்தப் பயமும் இல்ல, நான் யாருக்கும் பரீட்சை எழுதல, ராத்திரி நல்லா தூங்கியிருந்தேன். அதாவது உங்களைப் பொய்யாக்கறதுக்கு எல்லாம் சரியா பண்ணிக்கிட்டுதான் வந்தேன். வலிக்கலன்னா அதை எழுதி, உங்களை ஜென்மத்துக்கும் வாயைத் திறக்க விடாம பண்ணணும்னு இருந்தேன்.

நாலஞ்சு தாள் திருத்தினேன். அப்புறம் மெதுவா நெத்தியில ஆரம்பிச்சுது. வெயில்னு நினைச்சேன். அப்புறம் காதுக்கு மேல. ஒரு பையனோட தாளுக்குக் கூட்டல் போட்டேன், மறுபடி கூட்டினா வேற வந்துச்சு. மூணாவது தடவை வேற. என் கூட்டல் தப்பாகி நீங்க பாத்திருக்கீங்களா? சின்னவ கிண்டல் பண்ணுவா, "கால்குலேட்டர் கெட்டா அக்காகிட்ட கேட்டுச் சரி பாக்கலாம்"னு. அந்தப் பையன் தாளைக் கையில வச்சுக்கிட்டே எனக்கு ஒண்ணு தோணிச்சு. இந்த ஹால்ல கூட்டல் தப்பா போட்டவங்களை எல்லாம் கவனக்குறைவுன்னு சிவப்பு மையில எழுதியிருக்கேனே.

அப்பதான் மீட்டரை எடுத்தேன். பட்டனை அமுக்கினதும் கத்த ஆரம்பிச்சது தம்பி. அப்படி ஒரு கத்தல். வாட்ச்மேன் தீப்பிடிச்சுதுன்னு ஓடி வந்து என்னைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வெளிய வந்தான். படியிலேயே வாந்தி எடுத்தேன். சுண்டு எடுத்த அதே படி.

ஹால்ல சின்னவ எப்பவும் எந்த இடத்துல நிப்பா தெரியுமா? நான் இன்னிக்கு உக்காந்தேனே, அதே இடம். அந்த ஓட்டைக்குக் கீழ. கடைசி வரிசைப் பசங்க காப்பி அடிப்பாங்க, உன் கண்ணுதான் கூர்மை, நீ அங்க நில்லுன்னு ஒவ்வொரு பரீட்சைக்கும் அவளை அங்க நிறுத்தினது நான்.

உங்க மேல கோபம் போச்சுன்னு நினைக்காதீங்க. போகல. இன்னும் அதிகமாத்தான் ஆயிருக்கு. நீங்க இதைக் கண்டுபிடிக்காமலேயே இருந்திருந்தா நான் உங்களை வெறுத்துக்கிட்டு நிம்மதியா இருந்திருப்பேன். இப்ப யாரை வெறுக்கறது?

புதன்கிழமை முதல் பரீட்சை. கல்வி அலுவலர் வீட்டுக்கே போன் பண்ணேன். "மேசையில நம்பர் ஒட்டியாச்சு, ஹாலை மாத்த முடியாது, பலகையைக் கழட்டினா காப்பியடிக்க விட்டேன்னு உங்க மேலதான் வரும்"னு சொல்றாங்க. என்ன பண்ணணும்னு போன்ல சொல்லுங்க, எடுக்கறேன். பேச முடியலன்னா எழுதி போட்டோ எடுத்து அனுப்புங்க. பிளாக் பண்ணி வச்சிருந்த உங்க நம்பரைத் திறந்து விட்டுட்டேன், இதையும் போட்டோ எடுத்துத்தான் அனுப்பறேன்.

அக்கா

*

மார்ச் 10

அக்கா,

போன்ல பேச என்னால ஆகாது. எழுதி போட்டோ அனுப்பறேன்.

இனிமே தனியா உள்ள போய் உக்காந்தீங்கன்னா நான் அங்க வந்து உங்களை வெளிய இழுத்துப் போடுவேன். ஒருத்தியைக் குழியில வச்சுட்டு வந்தாச்சு. போதும். இன்னிக்கே டாக்டரைப் பாருங்க, என்ன நடந்ததுன்னு அப்படியே சொல்லுங்க. சுண்டுவையும் கூட்டிக்கிட்டுப் போங்க.

ஜெனரேட்டரை ஓட விடாதீங்க. குழாயை நீட்டறது, ஃபேனைத் திருப்பறது எல்லாம் அப்புறம். நிறுத்தி, சாவியை உங்க பையில வச்சுக்குங்க. பலகையைக் கழட்டுங்க, எல்லா ஜன்னலும், ஒண்ணு பாக்கி இல்லாம. வெளிச்சம் தானா வரும். கரண்ட் போச்சுன்னா போகட்டும். வேர்த்துக்கிட்டு எழுதினா ஒண்ணும் ஆகாது. காப்பியடிச்சா அடிக்கட்டும், பத்து மார்க் திருடினவன் உயிரோடயாவது இருப்பான். மூச்சுப் பயிற்சியை அதே வேப்ப மரத்தடியில குடுங்க.

இதெல்லாம் சுலபம். ஆணியைப் பிடுங்கற வேலை. நான் கேக்கப் போறது கஷ்டம்.

அந்தப் பசங்ககிட்ட சொல்லணும். எந்த மைக்ல ஆழமா இழுங்கன்னு சொன்னீங்களோ அதே மைக்ல. உங்களுக்குத் தலை வலிச்சது பயத்தால இல்ல, நீங்க பயந்தாங்கொள்ளி இல்ல, தப்பு எங்களுதுன்னு. மயங்கி விழுந்ததுக்கு வீட்டுல திட்டு வாங்கினவன் இருப்பான். தனக்குப் படிப்பே வராதுன்னு முடிவு கட்டினவ இருப்பா. ஹால்ல கால் வச்சாலே வாந்தி வரும்னு இனிமே நிஜமாவே பயப்படறவங்க இருப்பாங்க. நீங்க பலகையைக் கழட்டிட்டு ஒண்ணுமே நடக்காத மாதிரி இருந்தீங்கன்னா, அந்த விஷம் வெளிய போகாது. அவங்க தலைக்குள்ளேயே இருக்கும்.

சொன்னா உங்களுக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். சொல்லாம பூசி மெழுகினா நான் சொல்லுவேன். இது மிரட்டல்தான்.

*

மார்ச் 13

தம்பி,

சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை காலை பிள்ளைகளை மைதானத்தில் உட்கார வைத்தேன். சில பெற்றோரும் வேலிக்கு வெளியே நின்றிருந்தார்கள். நீங்கள் எழுதிய மாதிரியே சொல்லலாம் என்று மனப்பாடம் செய்துகொண்டு போனேன். மைக்கைப் பிடித்ததும் மறந்துவிட்டது. "உங்களுக்கெல்லாம் தலை வலிச்சது நிஜம். நான் நம்பல. நானே போய் உக்காந்து பார்த்தேன், எனக்கும் வலிச்சுது. ஜெனரேட்டர் காத்து. வச்சது நான். நீங்க யாரும் பயந்தாங்கொள்ளி இல்ல" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

பிறகு முதல் வரிசையிலிருந்த ஒரு தடிப் பையன் (அரைப் பரீட்சையில் மயங்கி விழுந்து, ஊரெல்லாம் பொம்பளப் புள்ள மாதிரி விழுந்தான் என்று கேலி வாங்கியவன்) எழுந்து நின்று, "அப்ப என்னைக் கிண்டல் பண்ணவனுங்க எல்லாம் வரிசையா வாங்கடா" என்றான். மைதானமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. வேலிக்கு வெளியே ஓர் அப்பாவும் சிரிக்கவில்லை. "என் பொண்ணு ஒரு வருஷமா மாத்திரை சாப்பிடறா, நீ மைக்ல மன்னிப்பு கேக்கறியா?" என்று கத்தினார். நான் வேலியருகே போனதும் என் மேல் காறித் துப்பினார். துடைத்துக்கொண்டேன். அவர் சொன்னதில் தப்பில்லை.

பலகைகளை முந்தின நாளே கழற்றினோம். கடைசி ஜன்னல் பலகையை, அந்த ஓட்டைக்குக் கீழே இருப்பதை, நானே கழற்றினேன். வாட்ச்மேன் சுத்தியலைக் கொடுக்க மாட்டேன் என்றான். பிடுங்கிக்கொண்டேன். ஓர் ஆணி வரவே இல்லை. அதை எவ்வளவு அடித்தேன் என்று எனக்குத் தெரியாது. கை நிறையக் கொப்புளம். இன்னும் அடிக்க ஆணி இருந்தால் தேவலை என்றிருந்தது.

நடுவில் கரண்ட் போனது. ஒருவரும் நிமிரவில்லை. வேர்த்து ஒழுக எழுதினார்கள். வெளியிலிருந்து பிட்டும் வரவில்லை, ஒரு காக்கை மட்டும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனது. அலுவலகத்திலிருந்து வந்தவர் திறந்த ஜன்னலை எல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலமே நோட்டீஸ் வந்துவிட்டது. அனுமதியின்றித் தேர்வுக்கூடத்தின் பாதுகாப்பைக் குலைத்ததற்கு விளக்கம் கேட்டு. விஷத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. என் நாற்காலி ஆடுகிறது, நீங்கள் சொன்ன மாதிரி.

மணி அடித்ததும் சுண்டு வெளியே வந்தாள். நான் அறைந்ததிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. நேராக என்னைத் தாண்டிப் போனாள். பிறகு திரும்பி வந்தாள்.

"பேப்பர் கஷ்டம்மா" என்றாள். "ரொம்பக் கஷ்டம். ரெண்டு கேள்வி விட்டுட்டேன்."

"பரவாயில்லடி" என்றேன்.

"தலை வலிக்கல."

அதைச் சொல்லிவிட்டு அங்கேயே நின்று அழுதாள், சித்தி சித்தி என்று. அவளுக்கு வலிக்காததற்கு நான் சந்தோஷப்பட வேண்டும். எனக்கு வந்ததெல்லாம் ஆத்திரம். ஓர் ஆணியைப் பிடுங்குகிற வேலை, இத்தனை நாளாய் அவ்வளவுதான்.

அக்கா

*

மார்ச் 17

அக்கா,

கடிதம் வந்துச்சு. குளிர் அறைக்குள்ள நின்னு படிச்சேன். சுண்டு சொன்ன வரிக்கு வந்ததும் ஆப்பிள் பெட்டி மேல உக்காந்துட்டேன். அவ போன அன்னிக்கு எனக்கு அழுகை வரல, நீங்ககூட அதைச் சொல்லிக் காட்டினீங்க, கல்லு மாதிரி நிக்கறான் பாருன்னு. இப்ப வந்துச்சு. தூக்கற ஆளுங்க பயந்து போய், இங்கேயும் அந்தக் காத்து வந்துடுச்சுன்னு நினைச்சு, என்னைக் கையைப் பிடிச்சு வெளிய இழுத்துட்டு வந்தாங்க. வாந்தி எடுத்தானே, அவன்தான் தண்ணி குடுத்தான். "மீட்டர் எங்க சார்?"னு கேட்டான். ஊருக்கு அனுப்பிட்டேன்னேன். "உங்களுக்கு யாரு சார் மீட்டர் வைக்கறது?"ன்னான்.

நோட்டீஸுக்கு பதில் எழுதும்போது சொல்லுங்க. படம், கணக்கு எல்லாம் போட்டு நான் கையெழுத்துப் போட்டுத் தரேன். உங்களுக்காகன்னு நினைச்சுக்காதீங்க. நீங்க சுண்டுவை அறைஞ்சது எனக்கு இன்னும் ஆறல. எல்லார் முன்னாடியும் என்னைச் சொன்னதும் ஆறல. ஆறும்போது சொல்றேன். ஆறலன்னாலும் சொல்றேன்.

சுண்டு போன் பண்ணா இனிமே எடுப்பேன்.

மீட்டரைத் திருப்பி அனுப்ப வேண்டாம். ஹால்ல கடைசி வரிசைக்குப் பின்னாடி, உங்க தங்கச்சி நிக்கற இடத்துல, அவ தலை உயரத்துக்கு ஒரு ஆணி அடிச்சு மாட்டுங்க. கண்ணு கூர்மைன்னு சொன்னீங்க இல்ல, இதுவும் கூர்மைதான். அது கத்துச்சுன்னா, யாருக்கு என்ன பயம்னு விசாரிச்சுக்கிட்டு நிக்காதீங்க. பேனா எங்க இருந்தா அங்க இருக்கட்டும். பசங்களை வெளிய அனுப்புங்க.